கியாஸ் லைட்டா, பேட்டரி லைட்டா?
வெட்டவெளியில் இராத்தங்கும் விவசாயிக்கு விளக்கு வந்த கதை

வீட்டுக்குள்ளே மின்சாரம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் விவசாயிக்கு வீடு மட்டுமா வீடு? வருஷத்திலே எத்தனை ராத்திரியை நாம் வெட்டவெளியிலே கழிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வாய்க்காலிலே முறைத்தண்ணீர் வந்தால் மடையைக் காத்து ஒரு ராத்திரி. அறுவடையானால் களத்துமேட்டிலே பட்டறைக்குக் காவல். அப்புறம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலிலே நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற ராத்திரிகள். அறுவடை முடிந்த வயலிலே ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரிகளும், வாத்து மேய்க்க வருகிறவர்களும் மாசக்கணக்கிலே அப்படித்தான் தங்குகிறார்கள். பட்டணத்துக்காரர்கள் கூடாரம் அடித்துத் தங்குவதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். நமக்கு அது பிழைப்பு.

அப்படித் தங்கப் போகிறவர் கையிலே எந்த விளக்கு இருக்கணும்? திரி விளக்கா, கியாஸ் லைட்டா, பேட்டரி லைட்டா? கடையிலே கேட்டால் எது பளிச்சென்று எரிகிறதோ அதை எடுத்துக் காட்டுவார்கள். பளிச்சென்று எரிவது ஒரு குணம்தான். ஆனால் 150 வருஷத்து விளக்குக் கதையைப் பார்த்தால் அதைவிட முக்கியமான இரண்டு கேள்விகள் தெரியவரும். இந்த விளக்கு எந்த நேரத்திலே என்னைக் கைவிடும்? கை தவறிக் கவிழ்ந்தால் என்ன ஆகும்? இந்த இரண்டையும் மனசிலே வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

சூந்தும் அகலும்

மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னாலே நம்ம பக்கத்திலே வீட்டு விளக்கு வேறே, வெளி விளக்கு வேறே. வீட்டிலே அகல். அதிலே இலுப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய், புன்னையெண்ணெய் என்று கிடைத்ததை ஊற்றினார்கள். இந்த எண்ணெய்கள் எல்லாம் கொஞ்சம் கெட்டி. திரி வழியாக அதிக உயரம் ஏறாது. அதனாலேதான் அகல் தட்டையாக இருக்கிறது. சுடர் எண்ணெயை ஒட்டியே இருக்கணும். அதைத் தூக்கிக்கொண்டு வரப்பிலே நடக்க முடியுமா? சிந்திப் போகும், காற்றடித்தால் அணைந்து போகும்.

ஆகையினாலே வெளியே போகிறவர் காய்ந்த கீற்றைச் சுற்றிக் கட்டிய சூந்தையோ, துணியை எண்ணெயிலே நனைத்த தீவட்டியையோ எடுத்துப் போனார். சூந்து கொஞ்ச நேரம்தான் எரியும், பொறியும் பறக்கும். வைக்கோல் போர் பக்கத்திலே அதைக் கொண்டுபோவது தீயைக் கூப்பிட்டு வைப்பது மாதிரி. அந்தக் காலத்திலே நிலாவைப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கில்லாதவர்களுக்கு வளர்பிறைதான் விளக்கு.

சீமெண்ணெயும் அரிக்கேனும்

1859-லே அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்திலே டிரேக் என்பவர் தரையைத் துளைத்து எண்ணெய் எடுத்தார். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் கப்பல் கப்பலாக உலகமெங்கும் போயிற்று. நம்ம நாட்டுக்கும் வந்தது. 1886-லே பர்மா ஆயில் கம்பெனி தொடங்கிய பிறகு, பக்கத்து பர்மாவிலிருந்தே வந்தது. சீமையிலிருந்து வந்ததாலே சீமெண்ணெய். கெரசின் ஆயில் என்ற இங்கிலீஷ் பேர் நம்ம வாயிலே கிருஷ்ணாயில் ஆயிற்று.

இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி இளகினது. திரியிலே விரல்நீளம் சுலபமாக ஏறிவிடும். ஆகவே எண்ணெயைக் கீழே ஒரு டப்பாவிலே அடைத்து மூடி, சுடரை மேலே தள்ளி வைக்க முடிந்தது. கையிலே தூக்கிப் போகிற விளக்கு பிறந்தது இந்த ஒரு வித்தியாசத்தாலேதான்.

ஆனாலும் காற்று ஒரு தொல்லை. அதைத் தீர்த்தவர் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர். 1860-களின் கடைசியிலும் 1870-களிலும் அவர் அமைத்த விளக்கைத்தான் டீட்ஸ் என்ற நியூயார்க் கம்பெனி செய்து உலகமெல்லாம் விற்றது. நீங்கள் அரிக்கேனைக் கையிலே எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு குழாய் தெரியும். அவை வெறும் கைப்பிடிச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுடருக்கு வேண்டிய காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் மேலிருந்து கீழே இறங்குகிறது. வெளியே காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும், உள்ளே போகிற வழியிலும் வெளியே வருகிற வழியிலும் ஒரே மாதிரி அழுத்துகிறது. அதனாலே சுடர் ஆடுவதில்லை. புயலிலும் அணையாது என்ற பொருளிலேதான் அதற்கு அரிக்கேன் என்று பேர். அரிக்கேன் என்றால் இங்கிலீஷிலே சூறாவளி.

சுதேசி இயக்கம் வந்தபோது இதை நம்மவர்களும் செய்யத் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்திலே கராட் பக்கம் ஓகலேவாடியிலே, கண்ணாடி செய்கிற ஆலையார் பிரபாகர் என்ற பேரிலே லாந்தர் செய்து விற்றார்கள்.

அரிக்கேனின் வெளிச்சம் கொஞ்சம்தான். ஆனால் முதல் கேள்விக்கு அது நல்ல பதில் சொல்லும். சின்ன அரிக்கேன் ஒன்றிலே ஒரு லிட்டரிலே மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் கொள்ளும். அது சுமார் 20 மணி நேரம் எரியும். சாயங்காலம் ஏற்றினால் விடிந்தும் எண்ணெய் மிச்சம் இருக்கும். அணையப்போகிறது என்றால் திரி கருகி, சுடர் சுருங்கி, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அணையும். ராத்திரிக் காவலுக்கு இது பெரிய குணம். 1934-லே மேட்டூர் அணை வந்த பிறகும், தண்ணீர் குறைந்த வருஷங்களிலே முறை வைத்துத்தான் விட்டார்கள். முறை ராத்திரியிலே வந்தால் ராத்திரியிலே போய்த்தான் ஆகணும். மடைக்குப் போனவருக்குத் துணை இந்த அரிக்கேன்தான்.

அதற்கு ஒரு கடனும் உண்டு. எண்ணெய் தூரத்திலிருந்து வருகிறது. 1942-லே ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ளே நுழைந்தபோது, எண்ணெய்க் கிணறுகளையும் சுத்திகரிப்பு ஆலையையும் இங்கிலீஷ்காரர்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ரங்கூன் பக்கத்திலே வைத்த வெடி, நம்ம திண்ணையிலே விளக்கை மங்க வைத்தது. மண்ணெண்ணெய் பங்கீட்டுக்கு வந்துவிட்டது. 1973-லே அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியபோதும் இதே கதைதான்.

கியாஸ் லைட்டும் மணவாளக்குறிச்சி மணலும்

இனி கியாஸ் லைட்டுக்கு வருவோம். கல்யாண ஊர்வலத்திலே, சாமி புறப்பாட்டிலே, கூத்துக் கொட்டகையிலே, சும்மாட்டின் மேலே தூக்கி வைத்து உஸ்ஸென்று இரைந்துகொண்டு போகுமே, அந்தப் பெட்ரோமாக்ஸ்தான். பேர் கியாஸ் லைட் என்றாலும் அதிலே ஊற்றுவது மண்ணெண்ணெய். பெர்லின் நகரத்திலே மாக்ஸ் கிரெட்ஸ் என்பவருடைய கம்பெனி 1910 வாக்கிலே இதைக் கொண்டுவந்தது. பெட்ரோலியத்திலே பாதியும் மாக்ஸ் என்ற அவர் பேரும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ் ஆயிற்று.

இது வேலை செய்கிற விதம் வேறே. அடியிலே உள்ள தொட்டியிலே காற்றை அடித்தால், எண்ணெய் மெல்லிய குழாய் வழியாக மேலே ஏறும். அந்தக் குழாயை முதலிலே ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி வைத்திருப்பதாலே, எண்ணெய் ஆவியாகிறது. ஆவி காற்றோடு கலந்து மேண்டில் என்கிற வலைக்குள்ளே எரிகிறது. நெருப்பு நீலமாகத்தான் இருக்கும். வெளிச்சம் கொடுப்பது நெருப்பு இல்லை, சூடேறிய அந்த வலை.

அந்த வலையைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாக்காரர், கார்ல் ஆவர் என்ற விஞ்ஞானி. 1885-லே முதல் காப்புரிமை வாங்கினார். 1891-லே நூற்றுக்கு 99 பங்கு தோரியமும் ஒரு பங்கு சீரியமும் சேர்த்துச் செய்தபோதுதான் அது பளிச்சென்று எரிந்தது. தோரியத்துக்கு எங்கே போவது? இங்கேதான் நம்ம தமிழ்நாடு கதைக்குள்ளே வருகிறது. 1909-லே ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர், மலையாளக் கரையிலிருந்து போன தென்னங்கயிற்றிலே ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதிலே மோனசைட் என்ற கனிமம் இருந்தது, அதற்குள்ளே தோரியம். அவர் 1910-லே மணல் பிரிக்கிற முதல் ஆலையை மணவாளக்குறிச்சியிலே வைத்தார். அப்போது அது திருவிதாங்கூர். இப்போது கன்னியாகுமரி மாவட்டம். ஐரோப்பாத் தெருக்களுக்கு வெளிச்சம் கொடுத்த வலைக்கு மணல் கொடுத்தது நம்ம கடற்கரை.

கியாஸ் லைட்டின் வெளிச்சத்துக்கு ஈடு அந்தக் காலத்திலே ஒன்றுமில்லை. 1960-களின் நடுவிலே ஆடுதுறை 27 நெல் தஞ்சாவூர் ஜில்லாவிலே பரவியது. வானொலி கேட்டுக் கேட்டே பரவியதாலே அதை ரேடியோ நெல் என்றே சொன்னார்கள். குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மோதுகிற காலம். மழைக்கு முன்னாலே கதிரை அடித்துத் தூற்றிவிடணும் என்று அவசரம் வந்தால், களத்து நடுவிலே ஒரு கம்பை நட்டு, கியாஸ் லைட்டை மேலே தொங்கவிட்டால் பத்துப் பேர் வேலை பார்க்கலாம். சொந்தமாக இல்லாதவர்கள் கடைத்தெருவிலே வாடகைக்கு எடுத்தார்கள்.

பூச்சிக்கும் அது பயன்பட்டது. குருத்துப்பூச்சியின் அந்தும், இலை சுருட்டுப் புழுவின் அந்தும், புகையானும் விளக்கைத் தேடி வரும். விளக்கின் கீழே அகலமான பாத்திரத்திலே தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் விழுந்து சாகும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் வைத்தால் போதும். விடிய விடிய வைத்தால் நன்மை செய்கிற பூச்சிகளும் வந்து விழும்.

ஆனால் அந்த இரண்டு கேள்வியையும் கியாஸ் லைட்டிடம் கேளுங்கள். எப்போது கைவிடும்? வலை வெறும் சாம்பல் கூடு. ஒரு குலுக்கலிலே உதிரும். காற்று இறங்கினால் அடிக்கணும்; துவாரம் அடைத்தால் ஊசியாலே குத்தணும். வரப்பு மேலே தூக்கிக்கொண்டு நடக்கிற விளக்கு இல்லை இது. ஓரிடத்திலே நிறுத்தி வைத்துப் பக்கத்திலே ஒரு ஆள் இருந்து பார்த்துக்கொள்கிற விளக்கு. கவிழ்ந்தால்? அழுத்தத்திலே இருக்கிற எண்ணெய், பக்கத்திலே வைக்கோல். அதற்கு மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

டார்ச்சும் டிரான்சிஸ்டரும்

பேட்டரியின் கதையும் பழசுதான். 1866-லே லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் நவச்சாரக் கரைசலை வைத்து ஒரு மின்கலம் செய்தார். அது ஈரமானது, சாய்த்தால் கொட்டும். 1880-களிலே காஸ்னர் என்ற ஜெர்மானியர் அந்தக் கரைசலைக் களியாக்கி, துத்தநாக டப்பாவுக்குள்ளே அடைத்தார். உலர்ந்த செல் வந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு சில வருஷங்களிலேயே அமெரிக்காவிலே கைடார்ச் வந்துவிட்டது. நம்ம நாட்டிலே எவரெடி என்ற பேர் பேட்டரிக்கே பேராகிவிட்டது.

கிராமத்திலே டார்ச் நிலைத்ததற்கு டிரான்சிஸ்டர் ரேடியோவும் ஒரு காரணம். ரேடியோவுக்கு வாங்குகிற செல்லே டார்ச்சுக்கும் ஆயிற்று. ராத்திரிக் காவலுக்குப் போகிறவர் தோளிலே டிரான்சிஸ்டர், கையிலே மூன்று செல் டார்ச் என்று போனதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். செல் மங்கினால் வெயிலிலே காயவைத்து மறுபடி போட்டுப் பார்ப்பதும் வழக்கம்தானே. கொஞ்ச நேரம் உயிர் வந்த மாதிரி இருக்கும், அப்புறம் போய்விடும். உள்ளேயே மறந்து வைத்தால் செல் கசிந்து டார்ச்சையே அரித்துவிடும்.

டார்ச்சிலே நெருப்பு கிடையாது. கவிழ்ந்தால் ஒன்றும் ஆகாது. அதனாலே இரண்டாவது கேள்விக்கு அது முதல் மார்க் வாங்கும். முதல் கேள்வியிலேதான் தோற்றது. பழைய டார்ச்சிலே இருந்த குண்டு பல்பு, வாங்குகிற மின்சாரத்திலே பெரும்பங்கைச் சூடாக்கிப் போக்கடித்துவிடும். அதை அணைத்து அணைத்துப் பயன்படுத்தலாமே தவிர, விடிய விடிய எரியவைக்க முடியாது. ஆகவே பல வீடுகளிலே இரண்டுமே இருந்தன. படுக்கிற இடத்திலே அரிக்கேன், நடக்கிற வழியிலே டார்ச்.

1957-லே மின்சார வாரியம் அமைந்தது. 1970-கள் முடிவதற்குள்ளே தமிழ்நாட்டிலே பெரும்பாலான கிராமங்களுக்குக் கம்பி போய்விட்டது. 1984-லே சிறு விவசாயிகளுக்கும், 1990-லே எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமானது. விளக்கின் வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் மும்முனை மின்சாரம் பகலிலே கொஞ்ச நேரம், ராத்திரியிலே கொஞ்ச நேரம் என்று முறை வைத்து வந்தபோது, மோட்டார் போட நடுராத்திரியிலே கொட்டகைக்குப் போக வேண்டியதாயிற்று. மின்சாரம் வந்ததனாலேயே கையிலே ஒரு விளக்கு வேண்டியிருந்தது!

கீற்றும் நெருப்பும்

வலங்கைமானிலே வாணவெடி செய்வது பரம்பரைத் தொழில். மகாமாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழா மாதிரியே அதுவும் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. வெடிமருந்து இருக்கிற இடத்துக்கு நெருப்பு விளக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று அந்த ஊரிலே குழந்தைக்குக்கூடச் சொல்லித் தரவேண்டியதில்லை. நான் கேட்கிறது, வைக்கோல் மட்டும் என்ன குறைச்சல்? காய்ந்த கீற்று என்ன குறைச்சல்?

2004 ஜூலை 16-ஆம் தேதியை இந்தப் பக்கத்திலே யாரும் மறக்க முடியாது. கும்பகோணத்திலே ஒரு பள்ளிக்கூடத்திலே சமையல் அடுப்பு நெருப்பு கீற்றுக்குத் தாவி, 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அது விளக்கு நெருப்பில்லை, அடுப்பு நெருப்பு. ஆனால் கீற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. களத்துமேட்டுக் குடிசையிலே தலைமாட்டிலே அரிக்கேனைத் தொங்கவிட்டுத் தூங்குகிறோமே, அதுவும் கீற்றுக்கு அடியிலேதான்.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய் விளக்கானாலும், சின்ன சிலிண்டரிலே எரிகிற சமையல் கியாஸ் விளக்கானாலும், அடைத்த இடத்திலே எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று சேரும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். மழைக்குத் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே விளக்கை ஏற்றி வைப்பது இதனாலேதான் ஆபத்து. சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது என்பதையும் நினைவிலே வையுங்கள். கசிந்தால் மேலே போகாது. பள்ளத்திலே, படுக்கையை ஒட்டித் தங்கும்.

எல்.இ.டி. வந்தது, புயலும் வந்தது

பேட்டரி விளக்கின் பழைய குறையைத் தீர்த்தது எல்.இ.டி. 1990-களின் தொடக்கத்திலே ஜப்பானிலே அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேர் பிரகாசமான நீல நிற எல்.இ.டி.யைச் செய்து காட்டினார்கள். அதிலிருந்துதான் வெள்ளை வெளிச்சம் வந்தது. 2014-லே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1991-லே கடைக்கு வந்த லித்தியம் பேட்டரி இதோடு சேர்ந்துகொண்டது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பாருங்கள். பெரிய கியாஸ் லைட் ஒன்று ஒரு லிட்டர் மண்ணெண்ணெயை சுமார் எட்டு மணி நேரத்திலே குடித்துவிடும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்குள்ளே இருக்கிற சக்தி ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்தக் கியாஸ் லைட்டோடு போட்டி போடுகிற பத்து வாட் எல்.இ.டி. விளக்கு அதே எட்டு மணி நேரத்திலே எடுத்துக்கொள்வது 0.08 யூனிட். நூற்றிலே ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் கியாஸ் லைட்டிலே சூடாகப் போய்விடுகிறது.

அப்படியானால் பேட்டரி விளக்கு ஜெயித்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். 1980-களிலிருந்தே அரசாங்கம் சூரிய லாந்தர்களைக் கொண்டுவந்தது. அதிலே ஈயப் பேட்டரி இருந்தது. இரண்டு மூன்று வருஷத்திலே பேட்டரி செத்ததும், மாற்ற ஆளில்லாமல் எத்தனையோ விளக்குகள் பரணுக்குப் போய்விட்டன. விளக்கு நல்ல விளக்குதான். பேட்டரி மாற்றுகிற வழிதான் ஊரிலே இல்லை.

பிறகு 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவிலே கரையேறியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களிலே வாரக்கணக்கிலே மின்சாரம் இல்லை. முதல் நாள் பேட்டரி விளக்குகள் எல்லாம் எரிந்தன. இரண்டாம் நாள் மங்கின. அப்புறம்? சார்ஜ் போட இடமில்லாதவருக்கு அந்த விளக்கு வெறும் பிளாஸ்டிக் டப்பா. சூரியத் தகடு வைத்திருந்தவர் வெயில் வந்ததும் மறுபடி ஏற்றினார். பழைய அரிக்கேனைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர் துடைத்து ஏற்றினார். 1942-லே எண்ணெய் வராமல் தவித்தோம். 2018-லே கம்பியிலே மின்சாரம் வராமல் தவித்தோம். இரண்டும் ஒரே பாடம்தான்: விளக்கு நம்ம கையிலே இருந்தாலும், அதற்குச் சாப்பாடு யார் கையிலே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளணும்.

இப்போது எதை வாங்குவது?

இத்தனையும் கேட்டுவிட்டு, "சரி ஐயா, நான் எதை வாங்கட்டும்?" என்று கேட்பீர்கள். வேலைக்குத் தகுந்தபடி சொல்கிறேன்.

வரப்பிலே நடக்கவும், மடை பார்க்கவும் பேட்டரி விளக்குதான். நெற்றியிலே மாட்டுகிற விளக்கானால் இரண்டு கையும் மண்வெட்டிக்குக் கிடைக்கும். வெளிச்சம் தூரத்திலே அடிப்பதைவிட, கால் வைக்கிற இடத்திலே விழணும். 2000-லிருந்து 2019 வரைக்கும் 20 வருஷத்திலே இந்தியாவிலே பாம்புக் கடியாலே சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்து மக்கள். அதிலே பாதி மழைக்காலத்திலே. விளக்கைக் கண்டால் பூச்சி பொட்டு ஓடிவிடும் என்று நம்பாதீர்கள். விளக்கு அதை விரட்டாது. நமக்குக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

களத்திலே, கொள்முதல் நிலையத்து வாசலிலே, கிடையிலே படுக்கிறவருக்கும் பேட்டரி லாந்தர்தான் நல்லது. மஞ்சள் வெளிச்சம் தருகிறதாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை, நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் பூச்சிகள் அதிகம் வரும். விளக்கைக் கண்ணுக்கு நேரே வைக்காமல், தலைக்கு மேலேயோ முதுகுப் பக்கமோ வையுங்கள். கண்ணெதிரே விளக்கு இருந்தால் அதைத் தாண்டி இருட்டிலே நிற்கிற திருடனும் நரியும் கண்ணுக்குத் தெரியாது. நாம் மட்டும் அவர்களுக்குத் தெரிவோம்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியிலே இருக்கிற எண்ணைப் படியுங்கள். 4,000 எம்.ஏ.எச்., 3.7 வோல்ட் என்று போட்டிருந்தால், நாலை 3.7-ஆல் பெருக்குங்கள். 14.8 வாட்-மணி வரும். விளக்கு மூன்று வாட் என்றால், அதை மூன்றாலே வகுத்தால் ஐந்து மணிக்குக் கொஞ்சம் குறைவு. நடைமுறையிலே நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகிற வரைக்கும் வேணும் என்றால் அது போதாது; மங்கலாக வைக்கிற வசதி இருக்கணும், அல்லது பெரிய பேட்டரி இருக்கணும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா, அந்தப் பேட்டரி கும்பகோணத்திலேயோ மன்னார்குடியிலேயோ கிடைக்குமா என்று கேட்டபிறகு காசைக் கொடுங்கள். சூரியத் தகடு கூடவே இருந்தால் இன்னும் நல்லது.

பேட்டரியிலே நெருப்பே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். உப்பிப்போன லித்தியம் பேட்டரியைத் தூர எடுத்து வையுங்கள். வைக்கோல் மேலேயோ, தலையணைக்கு அடியிலேயோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். ஈயப் பேட்டரியை முழுக்க இறங்கவிடாதீர்கள். இறங்கினால் சீக்கிரம் சாகும்.

கியாஸ் லைட் வைத்திருப்பவர்கள் அதை எறிய வேண்டாம். பத்துப் பேர் கூடிச் செய்கிற வேலைக்கு, திறந்த வெளியிலே, போருக்குத் தூரமாக, கம்பத்திலே தொங்கவிட்டு, பக்கத்திலே ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஏற்றலாம். கூரைக்குக் கீழே வேண்டாம். எரிகிறபோது எண்ணெய் ஊற்ற வேண்டாம். உதிர்ந்த வலையின் தூளை ஊதாதீர்கள், மூச்சிலே இழுக்காதீர்கள். பழைய வலையிலே இருப்பது தோரியம்.

அரிக்கேனையும் துடைத்து ஒன்று வைத்திருங்கள். ரேஷனிலே மண்ணெண்ணெய் முன்போலக் கிடைப்பதில்லை. ஆனாலும் ஒரு பாட்டில் ஒதுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்திலே, பேர் எழுதி வையுங்கள். புயல் வந்து சூரியனும் மூடிக்கொண்டு மூன்று நாள் மழை கொட்டினால், அன்றைக்கு அதுதான் பேசும். அப்போதும் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ, தரையிலே சமமான இடத்திலே வையுங்கள். கீற்றிலே மாட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. இன்றைக்குச் சாயங்காலமே உங்கள் வீட்டு விளக்கை எடுத்து முழுக்க சார்ஜ் போட்டு, ஏற்றி வைத்து, எத்தனை மணிக்கு அணைகிறது என்று பார்த்து, அதன் முதுகிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறைத்தண்ணீர் ராத்திரியிலே வரும்போது, எத்தனை மணிக்குள்ளே வீடு திரும்பணும் என்று அந்த எழுத்து சொல்லும்.